ஆளில்லாத பண்ணை

19ஆம் நூற்றாண்டு டச்சுப் பண்ணைப் பென்சில் படங்களைப் பாருங்கள். வைக்கோல் போர், கூரை, வேலி, மரம். பல படங்களில் ஆளே இல்ல. 'என்ன அமைதி!' என்கிறார்கள் கலாரசிகர்கள். தலத்தெருவிலிருந்து நான் கேட்கிறேன்: அந்தப் போரைப் போட்டது யாரு?

அதே நாட்டு வான்கோ நூனன் கிராமத்தில் தங்கி, குனிந்து மண் வெட்டுகிறவர்களை வரைந்தான். மண்ணைத் தோண்டிய கைதான் தட்டுக்கு நீளுது என்று 1885இல் 'உருளைக்கிழங்கு தின்பவர்கள்' ஓவியத்தில் காட்டினான்.

நம்ம டெல்டாவில் நடந்தது என்ன? தஞ்சை ஓவியர்கள் கம்பெனி துரைகளுக்குச் சாதிக்கொரு ஜோடியாக வரைந்து கொடுத்தார்கள். சந்தை மாட்டை நிறுத்துற மாதிரி நிறுத்தின உடம்புகள்; பேரு கிடையாது. டச்சுக்காரன் 1658இல் நாகப்பட்டினத்தைப் பிடித்தான். அடுத்து வந்த பஞ்சத்தில் தஞ்சைச் சீமை ஜனங்களை அடிமைகளாக இலங்கைக்கும் பட்டாவியாவுக்கும் கப்பலேற்றினான். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரன் எங்க காரைக்காலிலிருந்து ரீயூனியன், மார்த்தினிக் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளை ஏற்றினான். 1968 டிசம்பர் 25இல், கூலி உயர்வு கேட்ட கீழவெண்மணியில் 44 பேரை எரித்தார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு பச்சை வயலை மட்டும் தீட்டி 'நெற்களஞ்சியம்' என்று பேரு வைக்கிறீர்களே, அது அழகு இல்ல, மறைப்பு. நட்டவளை, அறுத்தவளை, களத்தில் கதிரடித்தவனை வரையுங்கள். முடியாதென்றால் தள்ளி நில்லுங்கள். நாங்க வரைஞ்சுக்குறோம்.