லேப் சுமந்த கைகளும் செல் வளர்க்கும் பெட்டியும்

கொடுமுடிப் பக்கம் ஒரு குடும்பத்தில் யாருக்காவது ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தால், கோவைக்கு அடுத்தபடி பேச்சில் வரும் ஊர் வேலூர். ஈரோட்டில் ரயிலேறி, சேலம், ஜோலார்பேட்டை தாண்டிக் காட்பாடியில் இறங்குகிற அந்தப் பயணம் கொங்கு வீடுகளுக்குப் பழக்கமானது. அதே வேலூரின் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு 'வெல்கார்ட்' என்ற பரிசோதனை நடந்தது. நோயாளியின் டி செல்களைப் பிரித்து, புற்றுச் செல்லை அடையாளம் காட்டும் மரபணுவை அவற்றில் ஏற்றி, பெருக்கி, திரும்ப அவர் உடம்பிலேயே செலுத்துவதுதான் கார்-டி சிகிச்சை. அதற்கான செல்களை வேலூரில் ஆஸ்பத்திரிக்குள்ளேயே, 'கிளினிமேக்ஸ் புராடிஜி' என்ற ஒரே கருவியில் தயாரித்தார்கள்.

இந்தக் கருவியைப் பற்றி ஒரு பேச்சு வலுவாக உலவுகிறது. எல்லா வேலையையும் ஒரே பெட்டியில் அடைப்பது பணக்கார நாடுகளின் வசதி என்றும், நமக்குக் கைப்பழக்கமுள்ள ஆட்களும் எங்கோ ஒரு பெரிய தொழிற்சாலையும் இருந்தால் போதும் என்றும் சொல்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் தோன்றும். கிட்டப் போய்ப் பார்த்தால் நிற்காது.

முதல் வாதம், கைப்பக்குவத்துக்கு மெஷின் ஈடாகாது என்பது. மில் வேலை தெரிந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. 1888இல் கோவையில் ஸ்டேன்ஸ் மில் தொடங்கிய பிறகு பல தலைமுறைகளுக்கு, புளோ ரூமில் சுருட்டிய பஞ்சு லேப்பை ஆட்கள் தோளில் தூக்கிக் கார்டிங்குக்குக் கொண்டுபோனார்கள். தூக்கும்போது ஓரம் கிழியும், அடுத்த லேப்பை ஒட்டும் இடத்தில் கனம் மாறும். தூக்கியவரின் திறமையில் குறை கிடையாது. ஒரு மெஷினுக்கும் அடுத்த மெஷினுக்கும் நடுவே கிடந்த இடைவெளியில்தான் குறை இருந்தது. சூட் ஃபீட் வந்து குழாய் வழியே பஞ்சு நேராகக் கார்டிங்குக்குப் போனதும் அந்த இடைவெளி மூடியது.

செல் தயாரிப்பில் அதே இடைவெளி உயிருக்கே ஆபத்து. கழுவுதல், காந்தத் துகள் கொண்டு டி செல்லைப் பிரித்தல், அவற்றைத் தூண்டுதல், வைரஸ் வெக்டரால் மரபணு ஏற்றுதல், வளர்த்தல், அறுவடை செய்தல் என்று வரிசையாக வேலை நடக்கிறது. கையால் செய்தால் ஒவ்வொரு கட்டத்திலும் பாத்திரத்தைத் திறந்து மூட வேண்டும். பாக்டீரியா நுழைய ஒருமுறை திறந்தாலே போதும். இந்தச் செல்களைக் கடைசியில் வடிகட்டிக் கிருமி நீக்கவும் முடியாது, ஏனென்றால் கிருமியை நிறுத்தும் வடிகட்டி செல்லையும் நிறுத்திவிடும். ஆகவே தொடக்கம் முதல் முடிவு வரை மூடியே இருப்பதுதான் பாதுகாப்பு. புராடிஜியில் ஒரே முறை பயன்படுத்தும் குழாய்த் தொகுப்பு ஒன்று இருக்கிறது. சுழன்று பிரிக்கும் அறையே சூடேறி, வாயு பெற்று, செல் வளரும் அறையாகவும் மாறுகிறது. பல நாள் வேலை அந்த மூடிய குழாய்களுக்குள்ளேயே முடிகிறது.

அடுத்தது விலை. கருவியும் அதன் குழாய்த் தொகுப்பும் இறக்குமதி, மலிவல்ல. ஆனால் கணக்கை அதோடு நிறுத்துவது தவறு. திறந்த முறைக்கு மிக உயர்ந்த தரச் சுத்த அறை வேண்டும். அதன் காற்று வடிகட்டிகளும், ஏசியும், உடை மாற்றி நுழையும் ஆட்களும், ஓயாத கண்காணிப்பும் நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் செலவு வைக்கும். மூடிய கருவியைச் சற்றுக் குறைந்த தர அறையிலேயே நிறுத்தலாம்.

அமெரிக்காவில் 2017இல் அனுமதி பெற்ற 'கிம்ரியா' என்ற கார்-டி சிகிச்சைக்கு அன்று வைத்த விலை 4,75,000 டாலர். வேலூர் முறையில் செலவு உலக விலையைவிட 90 சதவீதம் குறைவு என்று மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அறிவித்தது. பார்சிலோனாவின் ஹாஸ்பிடல் கிளினிக், லாப நோக்கமற்ற பொது ஆஸ்பத்திரி. அதே வகைக் கருவியைக் கொண்டு அங்கேயே உருவாக்கிய கார்-டி செல்லுக்கு 2021இல் ஸ்பெயின் அரசின் அனுமதி கிடைத்தது. பெட்டி வசதி படைத்த கம்பெனிகளுக்கே உரியது என்பவர்கள் இந்த இரண்டு ஊர்களையும் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மும்பை ஐஐடியிலும் டாடா நினைவு மருத்துவமனையிலும் உருவாகி 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற 'நெக்ஸ்கார்19' என்ற கார்-டி சிகிச்சையின் விலை குறைந்ததற்கு, வெக்டரை உள்நாட்டிலேயே தயாரித்தது பெரிய காரணம். பெட்டி மட்டுமே மலிவைக் கொண்டுவராது.

தொழிற்சாலை ஒன்றே போதும் என்பது மூன்றாவது வாதம். தொழிற்சாலை என்றால் செல்லை எடுத்து, உறையவைத்து, அனுப்பி, வரிசையில் காத்திருந்து, மீண்டும் உறைநிலையில் திரும்பப் பெற வேண்டும். இதில் பல வாரம் போகும். தீவிர லுக்கேமியா அத்தனை வாரம் பொறுத்திருக்காது. வேலூரில் சுமார் 9 நாளில் செல் தயாரானது, உறையவைக்காமலே ஏற்றினார்கள். 10 பேர் கொண்ட சிறிய பரிசோதனைதான் அது. அதில் லுக்கேமியா நோயாளிகள் அனைவருக்கும் நோய் மறைந்தது. லிம்ஃபோமா நோயாளிகளில் பாதிப் பேருக்குப் பலன் தெரிந்தது.

வேலை போய்விடும் என்ற அச்சத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. சூட் ஃபீட் வந்த மில்லிலும் நூலின் கவுண்ட்டும் பலமும் சோதிக்கும் கூடங்கள் மூடப்படவில்லை. செல் தயாரிப்பிலும் கிருமிச் சோதனை, நச்சுச் சோதனை, உயிரோடிருக்கும் செல்லின் விகிதம், மரபணு ஏறிய அளவு எல்லாவற்றையும் பயிற்சி பெற்றவர்களே பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

எதிர்த்தரப்பில் கனமான வாதம் ஒன்று உண்டு, அதை ஒதுக்க முடியாது. ஒரு கருவியில் ஒரு சமயத்தில் ஒரு நோயாளியின் செல்தான் வளரும். அது முடியும் வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும், நடுவில் பழுதானால் எல்லாக் கட்டமும் சேர்ந்தே நிற்கும். கோன் வைண்டிங்கை ஸ்பின்னிங்கோடு இணைத்த மில்காரர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகத் தெரியும். ஆனால் இதற்காகக் கைவேலைக்குத் திரும்ப வேண்டியதில்லை. லோன்சா கம்பெனியின் 'கக்கூன்' முறையில் நோயாளிக்கு ஒரு கேசட் வீதம் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கலாம். செல்லாரெஸ் கம்பெனியின் 'செல் ஷட்டில்' ஒரே சமயத்தில் 16 பேருடைய செல்களைக் கையாளும்படி அமைக்கப்பட்டது.

அந்தப் பெட்டிக்குள் இருப்பவை பம்ப்பு, வால்வு, சுழலும் அறை, வெப்பக் கட்டுப்பாடு, பிளாஸ்டிக் குழாய். பம்ப் செட்டும் மில் மெஷினும் செய்தே பிழைத்த ஊர் கோவை. மருத்துவத் தரத்துக்கு வார்ப்பதும் சான்றிதழ் பெறுவதும் கடினம் என்றாலும், இறக்குமதிச் செலவைக் குறைக்க வழி அங்கேதான் திறக்கும். செல் ஏற்றிய பிறகு காய்ச்சலும் நரம்புப் பாதிப்பும் வரக்கூடும் என்பதால், நோயாளியைச் சில வாரம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தங்கச் சொல்வார்கள். வேலூருக்குப் போகும் கொடுமுடிக் குடும்பம் ஒன்று அந்த நாள்களை அங்கே லாட்ஜ் அறை எடுத்துக் கழிக்க வேண்டியிருக்கும். கோவையில் இப்படி ஒரு கருவி ஓடினால், கூட இருப்பவர் காலையில் வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு மதியத்துக்குள் நோயாளியின் கட்டிலருகே வந்துவிடலாம்.