பிரிவு 25-இன் முதல் வரியை ஏன் விழுங்குகிறீர்கள்?

கோயில் வாசலில் தலித் மக்களைத் தடுப்பவர்கள் முன்பெல்லாம் "ஊர் வழக்கம்" என்பார்கள். இப்போது நாகரிகமாகிவிட்டார்கள். "அரசியல் சட்டம் கொடுத்த மத சுதந்திரம்" என்கிறார்கள். இதைக் கேட்டு நம் தோழர்கள் சிலரும், சட்டமே அவர்கள் பக்கம்தான் போலிருக்கிறது என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

தோழர்களே, அந்தச் சட்டத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். பேச்சுரிமை தரும் பிரிவு 19, உரிமையை முதலில் சொல்லிவிட்டுக் கட்டுப்பாட்டைப் பிறகு சொல்கிறது. மத சுதந்திரம் பேசும் பிரிவு 25 தலைகீழ். கட்டுப்பாட்டில்தான் தொடங்குகிறது: பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, உடல்நலம், அடிப்படை உரிமைகள் பகுதியின் மற்ற விதிகள், இவற்றுக்கெல்லாம் உட்பட்டே மத சுதந்திரம். அந்த "மற்ற விதிகளில்" சமத்துவம் பேசும் 14 இருக்கிறது. தீண்டாமையை ஒழித்த 17 இருக்கிறது. இது போதாதென்று, பொதுத்தன்மை கொண்ட இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிட அரசு சட்டம் போடலாம் என்று அதே பிரிவின் உள்ளேயே எழுதி வைத்தார்கள்.

தற்செயலாக நடந்ததல்ல இது. வரைவு நிலையிலேயே ராஜ்குமாரி அம்ரித் கௌரும் ஹன்சா மேத்தாவும், மதத்தை "கடைப்பிடிக்கும்" உரிமை என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் தேவதாசி முறை போன்ற கொடுமைகள் அதற்குள் ஒளிந்துகொள்ளும் என்று எச்சரித்தார்கள். 1948 டிசம்பர் 2 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், இந்த நாட்டில் பிறப்பு முதல் இறப்பு வரை எல்லாவற்றையும் மதம் என்கிறார்கள், அதன் எல்லையைச் சுருக்கியாக வேண்டும் என்றார். நம்பிக்கையும், இயல்பிலேயே மதம் சார்ந்த சடங்குகளும் மட்டும்தான் மதம். சொத்துரிமையும் வாரிசுரிமையும் அல்ல.

பிறகு கோளாறு எங்கே நடந்தது? 1954-இல். சென்னை மாகாண அறநிலையச் சட்டத்தை எதிர்த்து ஷிரூர் மடாதிபதி தொடுத்த வழக்கு அது. "இது மதம் சார்ந்த செயலா" என்பது அம்பேத்கரின் கேள்வி. "இது மதத்துக்கு இன்றியமையாததா" என்று உச்சநீதிமன்றம் அதை மாற்றிக்கொண்டது. அதற்கான விடையையும் முதன்மையாக அந்த மதத்தின் கோட்பாடுகளிலேயே தேடச் சொன்னது. பூட்டை உடைக்க வந்த சட்டத்திடமிருந்து சாவியை வாங்கி மடத்திடம் கொடுத்த கதைதான்.

1972 சேஷம்மாள் வழக்கு அதன் விளைவு. பரம்பரை அர்ச்சகர் முறையைக் கலைஞர் அரசு ஒழித்தது செல்லும் என்றது நீதிமன்றம். சரி. ஆனால் ஆகமம் அனுமதிக்காதவர் தொட்டால் விக்கிரகம் தீட்டாகும் என்ற நம்பிக்கைக்கும் பாதுகாப்பு உண்டு என்றது. ஒரு மனிதன் தொட்டால் கல் தீட்டாகிவிடும்! இதற்குப் பெயர் தீண்டாமை இல்லையென்றால் பிரிவு 17 எதை ஒழித்தது? பயிற்சி முடித்த பார்ப்பனரல்லாத அர்ச்சகர்கள் இன்றும் நீதிமன்றப் படியேறி நிற்பது இந்த ஒரு வாதத்தால்தான்.

மதப் பிரிவுகளின் நிர்வாக உரிமை பேசும் பிரிவு 26-இல் "மற்ற விதிகளுக்கு உட்பட்டு" என்ற சொற்கள் இல்லையே என்பார்கள். இல்லைதான். ஆனால் முல்கி வெங்கடரமணர் கோயில் வழக்கில் கௌட சாரஸ்வதப் பார்ப்பனர்கள் அதைச் சொன்னபோது, கோயிலைத் திறக்கும் உரிமையே மேலானது என்று 1957 நவம்பர் 8 அன்று அதே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. (சில சடங்குகளில் மட்டும் அவர்கள் தனித்திருக்கலாம் என்று ஒரு ஜன்னலையும் திறந்து வைத்தது. அது வேறு கதை.) அதே மாதம் 26-ஆம் தேதிதான் சாதியைக் காக்கும் சட்டப்பிரிவுகளைப் பெரியாரின் தொண்டர்கள் கொளுத்திச் சிறை சென்றார்கள்.

சரி, உள்ளே விடமாட்டீர்கள். வெளியே போகவாவது விடுவீர்களா? பிரிவு 25-இன் முதல் உரிமையே மனச்சாட்சி சுதந்திரம்தான். மடத்துக்கோ சாதிக்கோ அல்ல, தனிமனிதருக்குக் கொடுத்தது. அம்பேத்கர் 1956-இல் நாக்பூரில் லட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவியது அதன் ஆகப்பெரிய பயன்பாடு. இன்று பல மாநிலங்களில் மதம் மாற மாவட்ட நிர்வாகத்துக்கு முன்கூட்டியே மனுப்போட வேண்டும். கிறித்தவராகவோ இசுலாமியராகவோ மாறினால், 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதிச் சான்றிதழ் போய்விடும். சேரியும் சுடுகாடும் மட்டும் மாறாது. மத சுதந்திரம் என்று வாய் கிழியப் பேசுகிறவர்களில் எத்தனை பேர் இந்த ஆணையை எதிர்த்துப் பேசியிருக்கிறார்கள்?