மலை ஏறினால் ஊமையாகும் புதுக் கார்!

புதுக் கார் வாங்கப் போகிறவர்களுக்கு இப்போது ஷோரூமில் ஒரு வித்தை காட்டுகிறார்கள்.

செல்போனில் ஒரு தட்டு. தள்ளி நிற்கிற கார் தானாகவே ஸ்டார்ட் ஆகிறது! இன்னொரு தட்டு. ஆள் இல்லாத காருக்குள் ஏ.சி. ஓடுகிறது. வண்டி எங்கே நிற்கிறது, டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது, கதவு பூட்டி இருக்கிறதா இல்லையா, எல்லாம் போனிலேயே தெரிகிறது.

முன்சீட்டுக்கு மேலே ஒரு பட்டன். "எஸ்.ஓ.எஸ்." என்று எழுதி இருக்கிறது. "ஆபத்துன்னா இதை அமுக்குங்க சார். உடனே ஆள் லைன்ல வருவாங்க. ஆம்புலன்சுக்கும் அவங்களே சொல்லிடுவாங்க" என்கிறார் விற்பனைப் பையன்.

வாங்க வந்தவர் வாயைப் பிளக்கிறார். கூடவே வந்த வீட்டுக்காரம்மாவுக்கும் பிடித்துப் போகிறது. மலைப்பாதையில் போய் வருகிற வண்டி ஆயிற்றே! சாதா மாடல் போதும் என்று வந்தவர், கூடுதல் விலை கொடுத்து உயர்ந்த மாடலாகவே எடுத்துவிடுகிறார்.

வித்தை நடந்த இடம் சேலம் நகரம். நாலாபக்கமும் டவர். வண்டி போய் நிற்க வேண்டிய இடம் வாழவந்தியாக இருந்தால்?

20 கொண்டை ஊசி வளைவு

ஏற்காட்டைத் தாண்டி உள்ளே இருக்கிற மலைக்கிராமம் வாழவந்தி. காப்பியும் மிளகும் விளைகிற சேர்வராயன் மலைச்சரிவு. சேலத்தில் இருந்து மேலே வர 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். குப்பனூர் வழி வந்தாலும் மலைதான், வளைவுதான்.

இந்த மலைக்காரர்களுக்குச் செல்போன் டவர் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியது இல்லை. எந்த மேட்டில் நின்றால் எந்தக் கம்பெனி சிக்னல் கிடைக்கும், எந்த வளைவில் பேச்சு அறுந்து போகும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு சிம் எடுக்கவில்லை என்றால் இன்னொரு சிம்மை மாற்றிப் போடுவார்கள். இரண்டு சிம் போன் வைத்திருப்பது இங்கே ஆடம்பரம் அல்ல, அவசியம்.

புதுக் காரில் அந்தச் சாமர்த்தியம் செல்லாது. சிம் காருக்கு உள்ளே இருக்கிறது!

டேஷ்போர்டுக்குள் ஒரு சின்னப் பெட்டி. அதிலேயே பதித்து வைத்த "இ-சிம்". கழற்றவும் முடியாது, மாற்றவும் முடியாது. செல்போன் எண் 10 இலக்கம் என்றால், எந்திரத்தோடு எந்திரம் பேசுகிற இந்த மாதிரி சிம்களுக்கு 13 இலக்கம். 2018-ல் மத்திய தொலைத்தொடர்புத் துறை அப்படி ஒதுக்கியது. நினைத்த இடத்துக்கெல்லாம் அதில் பேசவும் முடியாது. முன்கூட்டியே குறித்துக் கொடுத்த எண்களுக்குத்தான் பொதுவாகப் போகும்.

2019 மே மாதம் ஹூண்டாய் வென்யூ, ஜூனில் எம்.ஜி. ஹெக்டர், ஆகஸ்டில் கியா செல்டோஸ் என்று வரிசையாக வந்தபோதுதான் நடுத்தரக் குடும்பங்கள் வரை இந்த வசதி இறங்கி வந்தது. வென்யூவில் வைத்தது வோடபோன் ஐடியா சிம். ஹெக்டரில் வைத்தது ஏர்டெல் சிம். எது உசத்தி, எது மட்டம் என்பதல்ல பேச்சு. எந்த சிம் என்று முடிவு செய்பவர் கார் கம்பெனிக்காரர். பணம் கட்டுகிறவர் அல்ல. அவர் வீட்டு வாசலில் எந்த டவர் எடுக்கிறது என்று ஒருவரும் கேட்பது இல்லை.

"டவர் இல்லைங்க சார்!"

வண்டி வந்து ஒரு வாரம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் தட்டினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் "தொடர்பு கிடைக்கவில்லை" என்று வருகிறது. ஷோரூமுக்குப் போன் போட்டால் தயாராக ஒரு பதில் இருக்கிறது.

"அங்கே மேலே டவர் இல்லைங்க சார்!"

"தம்பி, விக்கிறப்போ இதைச் சொல்லலையேப்பா?"

"அது கம்பெனி சமாச்சாரம்ங்க சார்!"

இதோடு பேச்சு முடிகிறது. மூடுபனி மேல் பழி போடுகிறவர்களும் உண்டு. பனிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. செல்போன் அலையைத் தடுப்பது குறுக்கே நிற்கிற மலை.

ஆனால் எல்லாக் கோளாறும் டவர் கோளாறு அல்ல. இதைத்தான் வாங்கியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். டவர் என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் ஷோரூம்காரர்களின் அரைகுறை வேலையும் ஒளிந்துகொள்கிறது.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வண்டியை சேலத்துக்கு இறக்கி, வானம் தெரிகிற வெட்டவெளியில் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, பிறகு போனில் தட்டிப் பார்க்க வேண்டும். அங்கே வேலை செய்தால், மேலே சிக்னல்தான் குறை. நகரத்தின் நடுவிலும் ஊமையாகவே இருந்தால் குறை வண்டியில், அல்லது காகிதத்தில்.

காகிதக் குறை சாதாரணமாக நடக்கிற ஒன்று. வண்டியை ஒப்படைக்கும்போது சேசிஸ் எண்ணையும் வாங்கியவரின் செல்போன் எண்ணையும் கம்பெனிக் கம்ப்யூட்டரில் சேர்த்துப் பதிய வேண்டும். பிறகு அந்தப் போனுக்கு ஓ.டி.பி. வரும். அதைப் போட்டால்தான் வண்டியும் போனும் ஒன்றை ஒன்று அடையாளம் கண்டுகொள்ளும். எண்ணில் ஒரு இலக்கம் மாறினால் போச்சு! அப்பா பெயரில் வண்டி, மகன் நம்பர் பில்லில், ஆப் இருப்பதோ மருமகள் போனில் என்றால் ஓ.டி.பி. யாரைத் தேடிப் போகும்? டெலிவரி நாளில் பூமாலை, கேக், போட்டோ என்று அமர்க்களம். இந்தப் பதிவுக்குப் பத்து நிமிடம் ஒதுக்க ஆள் இல்லை. "நாளைக்கு ஆக்டிவேட் ஆயிடும் சார்" என்று சாவியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

பதிவு சரியாக இருந்தும் பேசவில்லையா? டேஷ்போர்டுப் பெட்டியே பழுதாக இருக்கலாம். வாரண்டி காலத்துக்குள் இலவசமாக மாற்றித் தருவது கம்பெனி கடமை. மாற்றினால் மறுபடியும் பதிவு செய்ய வேண்டும். அதை மறந்துவிடுகிற சர்வீஸ் சென்டர்களும் உண்டு.

வண்டியை நாள்கணக்கில் எடுக்காமல் போட்டு வைத்தாலும் பெட்டி தூங்கிப் போகும். பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். ஒரு தடவை ஸ்டார்ட் செய்தால் எழுந்துவிடும். இது கோளாறே அல்ல.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு வேறு தலைவலி. முந்தைய சொந்தக்காரர் தன் போனில் இருந்து வண்டியை நீக்கவில்லை என்றால், புதியவர் எங்கே போகிறார், வருகிறார் என்பதை அவர் வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம். ஆர்.சி. புத்தகம் மாறினால் மட்டும் போதாது.

விளையாட்டு அல்ல, உயிர்!

ஏ.சி. போனில் ஓடவில்லை என்றால் யாரும் செத்துப் போகமாட்டார்கள். சாவியைத் திருப்பினால் ஓடிவிட்டுப் போகிறது. எஸ்.ஓ.எஸ். பட்டன் அப்படிப்பட்டதா?

2024 ஏப்ரல் 30-ந் தேதி ஏற்காட்டில் இருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பஸ், 13-வது வளைவில் தடுப்பை உடைத்துக்கொண்டு கீழே உருண்டது. உயிர்ப்பலி. ஏராளமானோர் காயம். இந்த மலையில் ஒரு நொடி தவறினால் என்ன ஆகும் என்பதை ஊரே பார்த்தது.

அது பஸ். பின்னாலும் முன்னாலும் வண்டிகள் வந்தன, சனங்கள் ஓடி வந்தார்கள். ராத்திரி வேளையில் தனியாகப் போகிற கார் பள்ளத்தில் இறங்கினால்? பலூன் விரிந்ததும் பெட்டி தானாகவே கம்பெனிக்குச் சேதி சொல்லும் என்று விளம்பரம் செய்கிறார்கள். சேதி போக டவர் வேண்டும். வண்டி நிற்கிற இடத்தைக் கண்டுபிடிப்பது வானத்தில் இருக்கிற செயற்கைக்கோள்; அதற்கு டவர் தேவை இல்லை. எங்கே கிடக்கிறோம் என்பது காருக்குத் தெரியும். அடுத்தவருக்குச் சொல்லத்தான் வழி இருக்காது!

ஐரோப்பாவில் 2018 மார்ச் 31-ந் தேதி முதல் புதிதாக வருகிற கார் மாடல்கள் எல்லாவற்றிலும் இந்த அவசர அழைப்பு வசதி கட்டாயம். அங்கே அழைப்பு போவது கம்பெனிக்கு அல்ல, நேராக அரசாங்கத்தின் 112-க்கு. எந்த டவர் கிடைத்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு போகும். இந்தியாவில் கார் கம்பெனிகள் விற்பது அவர்கள் சொந்த ஏற்பாடு. அவர்கள் சிம், அவர்கள் கால் சென்டர். இலவசக் காலம் முடிந்தால் சந்தா கட்ட வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கை. பஸ்சுக்கும் டாக்சிக்கும் இந்தியாவிலேயே நல்ல விதி இருக்கிறது! 2019 ஜனவரி 1-ந் தேதி முதல் புதிதாகப் பதிவாகிற பயணிகள் வாடகை வண்டிகளில் இருப்பிடம் காட்டும் கருவியும் அபாயப் பட்டனும் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. ஆட்டோ போன்றவைகளுக்கு விலக்கு. அந்தக் கருவிக்கு "ஏ.ஐ.எஸ். 140" என்று ஒரு தரக்கட்டளை. ஒரு டவர் இல்லாவிட்டால் இன்னொரு கம்பெனி டவருக்கு மாறத் தெரிய வேண்டும், வண்டி பேட்டரி போனாலும் தனி பேட்டரியில் 4 மணி நேரம் உயிரோடு இருக்க வேண்டும், சிக்னல் இல்லாத நேரத்துச் சேதிகளைச் சேர்த்து வைத்துப் பிறகு அனுப்ப வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது.

மஞ்சள் போர்டு வண்டிக்கு இத்தனை கேட்கிற அரசாங்கம், வெள்ளை போர்டு வண்டியில் எஸ்.ஓ.எஸ். பட்டனை வைத்துக் காசு பார்ப்பவர்களிடம் ஏன் கேட்கவில்லை? பட்டன் வைத்தால் அது எந்த டவரிலும் பேச வேண்டும் என்று ஒரு வரி போட்டால் போதும். தொழில்நுட்பம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது இல்லை. டாக்சிக்காக எழுதியது அப்படியே இருக்கிறது.

சிம் நன்றாக இருந்தாலும் நிரந்தரம் இல்லை என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. 2022 பிப்ரவரியில் ஏ.டி. அண்ட் டி. கம்பெனி அங்கே 3ஜி டவர்களை மூடியது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார்கள் பலவற்றில் விபத்துச் சேதி சொல்லும் வசதி ஒரே நாளில் அடங்கிப் போனது. கார் 15 வருஷம் ஓடும். டவர் அத்தனை வருஷம் நிற்கும் என்று யார் எழுதித் தருகிறார்கள்?

பணம் கட்டும் முன்பே...

உத்தரவு வரும்வரை மலைக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. காருக்குள் எந்தக் கம்பெனி சிம் என்று ஷோரூமில் கேட்க வேண்டும். அதே கம்பெனி சிம் போட்ட போனைத் தன் வீட்டு வாசலிலும், தினமும் போகிற பாதையிலும் பிடித்துப் பார்க்க வேண்டும். போன் ஊமை என்றால் கார் மட்டும் பாடாது. "டெஸ்ட் டிரைவ்" என்று சேலத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்காமல், "மேலே வரைக்கும் கொண்டு வாங்க தம்பி" என்று கூசாமல் கேட்கலாம். பத்து, பதினைந்து லட்சம் போடுகிறவருக்கு அந்த உரிமை கூடவா இல்லை?

டெலிவரி எடுக்கும்போது, போனில் வண்டி தெரிந்த பிறகே ஒப்படைப்புக் காகிதத்தில் கையெழுத்து. எஸ்.ஓ.எஸ். பட்டனைச் சோதித்துப் பார்ப்பது எப்படி என்று கேட்டு, ஷோரூம் ஆளை வைத்துக்கொண்டே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவசரம் என்று வந்துவிட்டால் கார் பட்டனை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. கையில் இருக்கிற செல்போனில் 112 அடிக்கலாம். சொந்த சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும், அக்கம்பக்கத்தில் வேறு எந்தக் கம்பெனி டவர் கிடைக்கிறதோ அதன் வழியாகப் போக அதற்கு வசதி உண்டு.

அதற்கும் மேல் "டவர் இல்லைங்க சார்" என்று கையை விரித்தால், எழுத்தில் கேட்க வேண்டும். வாய்ப்பேச்சு வேலைக்கு ஆகாது. புகார் எழுதிய நாள், வண்டியை விட்ட நாள், ஜாப் கார்டு, ஆப் காட்டிய கோளாறின் படம், விளம்பரத் தாள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்த வேண்டும். விற்கும்போது சொன்ன வசதி வேலை செய்யவில்லை என்றால் அது வாங்கியவரின் துரதிர்ஷ்டம் அல்ல. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறைபாடு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். காசு கிடையாது.

மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி, வாங்கியவர் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று இந்தச் சட்டம் சொல்கிறது. வாழவந்திக்காரர் சேலத்துக்கு இறங்கினால் போதும். வக்கீல் கட்டாயம் இல்லை. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். கோளாறு தெரிந்த நாளில் இருந்து 2 வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும்.