குரல்வளையும் குரலும்

நோய் பற்றிய உறுப்பை அகற்றி உயிரைக் காத்தல் சத்திர வைத்தியத்தின் கடமையாம். ஆயினும், புற்றுநோய் முற்றிய குரல்வளையை முழுதும் அகற்றுங்கால் நோயாளியின் குரலும் உடன் நீங்கிவிடுகின்றது. அக்குரலை மீட்டுக் கொடுத்தாலன்றி அச்சிகிச்சை நிறைவெய்தாது என்பதே எமது துணிபு.

இது புதுக்கொள்கையன்று. புற்றுநோயின் பொருட்டுக் குரல்வளை முழுவதையும் முதன்முதலில் அகற்றியவர் வியன்னா நகரத்துப் பில்ரோத் என்னும் பேராசிரியர், ஆண்டு 1873. அந்நோயாளி பேசுதற்கெனச் செயற்கைக் குரல்வளையொன்றை அவர்தம் உதவியாளர் குஸ்ஸன்பௌவர் அமைத்து, அதன் விவரத்தை 1874-இல் வெளியிட்டனர்.

இச்சிகிச்சையில் மூச்சுக்குழலின் மேல்முனை கழுத்தின் முன்புறத்தே ஒரு துவாரமாக வைத்துத் தைக்கப்படும். அதுமுதல் நோயாளி அத்துவாரத்தின் வழியே சுவாசிப்பர். உணவு வாய்வழியே செல்லும். நுரையீரற் காற்று வாயை எட்டாமையாற் பேச்சு எழாது. மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் இடையே துளையிட்டு, ஒருபுறமே திறக்கும் சிறு வால்வைப் பொருத்தும் முறையை அமெரிக்கராகிய சிங்கர், புளோம் இருவரும் 1980-இல் வெளியிட்டனர். கழுத்துத் துவாரத்தை விரலால் மூடிக் காற்றை அவ்வால்வின் வழியே செலுத்தின், மீண்டும் பேசலாம்.

அவ்வால்வோ சில திங்களிற் பழுதுறும். பயின்றவர் அதனை மாற்றுதல் வேண்டும். அயல்நாட்டு வால்வின் விலை பல்லாயிரம் ரூபாய். பெங்களூரு மருத்துவர் விஷால் ராவ் ஏறக்குறைய 50 ரூபாய் விலையில் ஒன்றை ஆக்கிய செய்தி 2015-இல் பரவிற்று. ஆகவே, பொருளின்மையைக் காரணங்காட்டுதல் இனிப் பொருந்தாது.

உயிர் பிழைத்ததே போதாதோ எனின், போதாது. கற்றவர் தம் கருத்தைத் தாளில் எழுதிக் காட்டுவர். கல்வராயன் மலையில் எழுத்தறியும் வாய்ப்புப் பெறாத முதியவர் ஒருவர் சந்தையில் விலை பேசுவதும், பேரப்பிள்ளையைப் பெயர் சொல்லி அழைப்பதும் எங்ஙனம்? வால்வு பழுதுறுந்தோறும் அவர் சென்னைக்குச் செல்லுதல் இயலுமோ? கள்ளக்குறிச்சியில் 2022-ஆம் ஆண்டு அரசினர் மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. வால்வு மாற்றுதலும் பேச்சுப் பயிற்சியும் அங்கே என்றும் இலவசமாகக் கிடைக்குமாறு அரசினர் உறுதிசெய்தல் வேண்டும்.

மாணவ நண்பர்களே, உங்கட்கும் இதிற் பங்குண்டு. புகையிலையும் மதுவும் இந்நோய்க்குத் தலையாய காரணங்கள். குரற்கம்மல் மூன்று வாரத்திற்கு மேல் நீடிப்பின் மருத்துவரை நாடுமாறு உங்கள் ஊரார்க்கு உணர்த்துங்கள். தொடக்கத்திலே அறியப்பட்ட நோயைக் கதிரியக்கத்தாலோ சிறு சத்திரத்தாலோ நீக்கிக் குரல்வளையையே பெரும்பாலும் காக்கலாம். காவாது இழந்தவர்க்கோ, குரலை மீட்டளித்தல் நம் கடன்.