நாற்பத்தைந்து நாள் யாருக்கு?

வலியில்லை, சிறுநீரில் மட்டும் செந்நிறம்! சிறுநீர்ப்பைப் புற்று பெரும்பாலும் அனுப்பும் முதல் ஓலை அது. புற்று உட்படலத்தோடு நிற்கிறதா, தசைக்குள் புகுந்துவிட்டதா? சிகிச்சையின் திசையை முடிவு செய்வது இந்தக் கேள்விதான்.

விடைக்கு வழக்கமான வழி, கருவி செலுத்திச் சுரண்டியெடுத்துச் சோதிப்பது. காலம் கரைகிறது, புற்று காத்திருக்குமா?

பிரிட்டனில் 143 பேரைக் கொண்டு நடந்த 'பிளாடர்பாத்' ஆய்வின் முடிவு 2025இல் வெளிவந்தது. தசைப் புற்று என ஐயுற்றோருக்கு எம்.ஆர்.ஐ.யை முன்னே வைத்தார்கள். தசைப் புற்றாளர் உரிய சிகிச்சை பெற, இடைநிலைக் கணக்கில் 98 நாளுக்குப் பதில் 53 நாளே ஆயிற்று!

சுரண்டும் சிகிச்சையே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. தசை புகாத புற்றுக்கு அது இன்றும் தேவை. நாம் கேட்பது ஒன்றே: எம்.ஆர்.ஐ. கூடத்தின் வாயிலில் ஏழை மாதக்கணக்கில் காத்துக் கிடந்தால், விஞ்ஞானம் மீட்டுத் தந்த 45 நாள் யாருக்கு?