வாசலில் பறை, மேடையில் டிஜே

டிஸ்கி: "இதெல்லாம் உன்னைத்தானே நீயே திட்டிக்கிறே?" என்று யாராவது கேட்டால், ஆமாம். குற்றவாளிகள் பட்டியலில் முதல் பேர் என்னுடையதுதான். உள்குத்து எதுவும் கிடையாது, எல்லாமே நேர்குத்து :-)

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் முடிந்ததும் எங்கள் வகுப்பில் தவறாமல் ஒரு ஒப்பாரி கேட்கும். "சென்னைல ஒண்ணுமே இல்லடா மச்சி. பெங்களூர்ல பாரு, வாரத்துக்கு நாலு ஷோ. இங்க என்ன இருக்கு? பீச்சுக்குப் போய் சுண்டல் சாப்பிடணும், இல்ல மால்ல ஏசி காத்து வாங்கணும்." இதைச் சொல்கிற புண்ணியவான் பிறந்து வளர்ந்தது பெரம்பூரில். கானா பிறந்த வடசென்னையில் இருபது வருஷம் குடியிருந்தவனுக்கு ஊரில் பாட்டே இல்லையாம்! கேட்டால், "அதெல்லாம் சாவு வீட்டுல பாடறது" என்கிறான். சரிடா, சாவு வீட்டில் விடிய விடிய உட்கார்ந்து, செத்தவர் பெயரையும் அவர் பார்த்த வேலையையும் பாட்டுக்குள்ளேயே கோர்த்துப் பாட உன்னால் முடியுமா? உனக்குப் பிடித்த ராப் பாடகர் அதையே செய்தால் 'ப்ரீஸ்டைல்' என்று வாய் பிளக்கிறாய் அல்லவா?

இந்த ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காகச் சிலது மட்டும். 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் 2011க்குப் பிறகு நின்றுபோய், 2023 பொங்கலுக்குத் திரும்பி வந்தது. பூங்காவிலும் மைதானத்திலும் கரகம், ஒயில், தப்பு, தெருக்கூத்து, எல்லாம் ஓசியில். பெசன்ட் நகரில் நாமெல்லாம் போய் செல்பி எடுக்கிற எலியட்ஸ் கடற்கரையை ஒட்டி ஊரூர் ஆல்காட் குப்பம் என்று ஒரு மீனவர் குப்பம் இருக்கிறது. அங்கே 2015இல் ஆரம்பித்த விழாவில் கர்நாடக சங்கீதமும் பறையும் ஒரே மேடையில் ஏறின. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் கச்சேரி. கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு கானா பாடினார்கள். பா. ரஞ்சித்தின் நீலமும் தென்மாவும் சேர்ந்து செய்த வேலை அது. (அப்போது நான் பள்ளிக்கூடம். மாமா மட்டும் போய்விட்டு வந்து ஒரு வாரம் அதையே பேசி எங்கள் உயிரை எடுத்தார்.) 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. மார்கழி என்றால் மயிலாப்பூர் சபாவும் கேண்டீன் ரவா தோசையும் மட்டும்தான் என்று இருந்த ஊரில் இதெல்லாம் நடந்திருக்கிறது. பெரும்பாலானவற்றுக்குக் காசே கிடையாது. நம் வகுப்பிலிருந்து எத்தனை பேர் போனோம்? கையை மடக்கியே வைத்துக்கொள்ளலாம்.

காசு கேட்கிற இடத்தில் நம் லட்சணம் இன்னும் கேவலம். ஈ.சி.ஆர். பக்கம் ஒரு பிரம்மாண்டக் கச்சேரி என்றால், ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் எடுத்து, மூன்று மணி நேரம் டிராபிக்கில் நின்று, மேடையில் இருப்பவரை எறும்பு சைஸில் பார்த்துவிட்டு, பார்க்கிங்கில் வண்டி எடுக்க முடியாமல் நொந்து நூலாகித் திரும்பி, மறுநாள் "செம எக்ஸ்பீரியன்ஸ் மச்சி" என்று சொல்லத் தயார். அதே ஆட்களிடம் ஒரு சின்ன ஹாலில், சொந்தமாகத் தமிழில் எழுதிப் பாடுகிற ஒருத்தரின் கச்சேரி, முந்நூறு ரூபாய் என்று சொல்லிப் பாருங்கள். முதல் கேள்வியே "பாஸ் இருக்கா?" இரண்டாவது கேள்வி "உனக்கு அவரைத் தெரியும்ல, லிஸ்ட்ல பேர் போடச் சொல்லேன்." அறுபது பேர் உட்காரும் ஹாலில் நாற்பது பேர் ஓசி என்றால் வாடகையும் சவுண்டுக்காரர் கூலியும் போக டிரம்மர் எதில் வீட்டுக்குப் போவார்? அதில் இரண்டு பேர் நடுவில் எழுந்து "படப் பாட்டு ஒண்ணு பாடுங்க ப்ரோ" என்று வேறு கத்துவார்கள். கபேர் வாசுகி மாதிரி ஆட்கள் வருஷக்கணக்காக, படத்தை நம்பாமல், தமிழில் பாட்டெழுதிப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் போய்ப் படப் பாட்டு கேட்பது, இட்லிக் கடையில் நின்றுகொண்டு "பீட்சா இல்லையா?" என்பது போல.

"எல்லாம் யூடியூப்ல வந்துரும்டா" என்கிற மகான்களுக்கு ஒரே ஒரு விஷயம். பறையை ஐந்தடி தூரத்தில் நின்று கேட்டிருக்கிறீர்களா? அது காதுக்கு வருவதற்கு முன்னால் நெஞ்செலும்புக்கு வந்துவிடும். போனில் இருக்கிற மைக் அவ்வளவு பெரிய சத்தத்தைத் தாங்காது; தானே அமுக்கி, நசுக்கி, தகர டப்பா தட்டுகிற மாதிரி ஆக்கித் தரும். வலது கையில் குட்டையான அடிக்குச்சி, இடது கையில் மெல்லிசான சிண்டுக்குச்சி, இரண்டும் தனித்தனியாகப் பேசுவது நேரில் நின்றால்தான் தெரியும். தெருக்கூத்து இன்னும் மோசம். அது விடிய விடிய நடக்கிற ஆட்டம். கட்டியங்காரன் வந்து கலாய்த்து, திரை பிடித்து, திரைக்குப் பின்னால் நின்றே வேஷக்காரர் பாடி, அப்புறம்தான் முகம் காட்டுவார். இதை நகரத்து விழாக்களில் நாற்பது நிமிஷத்தில் முடிக்கச் சொன்னால் கர்ணன் உள்ளே வருவதற்குள் தொகுப்பாளர் நன்றி சொல்லிவிடுவார். நாம் அதை ஒரு நிமிஷ ரீல்ஸாகப் பார்த்துவிட்டு "கூத்து பாத்துட்டேன்" என்கிறோம்.

சரி, இப்போது என் கதை.

போன வருஷம் எங்கள் கல்லூரி கல்ச்சுரல்ஸில் நான் வரவேற்புக் கமிட்டி. (எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். கூடப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் உங்கள் கல்லூரி என்றே வைத்துக்கொள்ளுங்கள், பெரிய வித்தியாசம் இருக்காது.) "தமிழ்ப் பாரம்பரியமா ஏதாவது வேணும்" என்று மேலிடத்து உத்தரவு. எட்டுப் பேர் கொண்ட ஒரு பறைக் குழுவைப் பிடித்தோம். மொத்த எட்டுப் பேருக்கும் சேர்த்துப் பேசிய தொகை, டிஜேக்கும் லைட்டுக்கும் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்கு வராது. பேரம் பேசியது நான்தான். 'நல்லா கொறச்சிட்டடா' என்று முதுகில் தட்டினார்கள், நானும் பல்லைக் காட்டினேன்.

காலை ஒன்பதரைக்கு வரச் சொன்னோம். ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்கள். பறையைக் காய்ச்ச வேண்டும். தோல் சூடேறி இறுகினால்தான் சத்தம் வரும். கேண்டீனுக்குப் பின்னால் நாலு பேப்பரும் சருகும் வைத்து நெருப்பு மூட்டினார்கள். செக்யூரிட்டி ஓடிவந்து தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டார். "உள்ள நெருப்பு வைக்கக் கூடாது." நான் பக்கத்தில்தான் நின்றேன், ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் கேட்டுக்கு வெளியே போய், நடைபாதையில், மறுபடி முதலிலிருந்து காய்ச்சினார்கள்.

சிறப்பு விருந்தினர் வந்தது பதினொன்றே கால். அதுவரை "இதோ வந்துட்டார், அடிங்க" "இல்ல இல்ல, வேற கார், நிறுத்துங்க" என்று ஏழெட்டுத் தடவை. வெயிலில். அவர் காரிலிருந்து இறங்கி, போனில் பேசிக்கொண்டே அவர்களைக் கடந்து உள்ளே போக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கூட்டம் அவர் பின்னாலேயே போய்விட்டது. எட்டுப் பேர் அடித்துக்கொண்டே இருந்தார்கள், யார் நிறுத்தச் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் நான்தான் கையைக் காட்டினேன்.

குழுவின் மூத்தவர், எங்கள் அப்பா வயது இருக்கும், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"மேடை எத்தனை மணிக்கு தம்பி?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "என்ன மேடை அண்ணா?"

"இல்ல, ப்ரோகிராம்னு சொன்னீங்களே. பசங்க புது அடி ஒண்ணு பழகி வந்திருக்காங்க."

நிகழ்ச்சி நிரலில் அவர்களுக்கு மேடையே இல்லை. அப்படி ஒன்று இருக்கலாம் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றக்கூட இல்லை. சாப்பாட்டுக் கூப்பனை நீட்டினேன். வாங்கிக்கொண்டு போய்விட்டார். பணம் கைக்குப் போய்ச் சேர இரண்டு மாதம் ஆனது, அதற்கும் அவர்தான் நாலு தடவை போன் பண்ணினார்.

வாசல் என்பது சும்மா ஓர் இடம் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். பறை அடிக்கிறவர்களை ஊருக்கு வெளியே, கோயிலுக்கு வெளியே, பிணத்துக்கு முன்னால் மட்டும் என்று நிறுத்தி வைத்த வரலாறு நமக்கு இருக்கிறது. சாதி சொன்னதால் அடித்தார்கள், கூலி என்று எதையோ வீசினார்கள். அந்த அவமானத்தோடு சண்டை போட்டுத்தான் பறையை விடுதலையின் கருவி என்று மேடைக்குக் கொண்டுவந்தார்கள். நாம் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, 'பாரம்பரியம்' என்ற பெயரில், மறுபடி வாசலுக்கு அனுப்பியிருக்கிறோம். 2025இல் மதுரைப் பக்கத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது எங்கள் கமிட்டி ஆட்கள் பாதிப் பேர் ஸ்டேட்டஸ் வைத்தார்கள். நானும்தான்.

இதற்கிடையில் "நாட்டுப்புறக் கலைகள் அழிகின்றன" என்று கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்குகிறவர்கள் வேறு. பரவை முனியம்மா ஊர் ஊராகக் கச்சேரி பாடிக்கொண்டிருந்தவர். 2003இல் 'தூள்' படம் வந்த பிறகுதான் நமக்கெல்லாம் அவரைத் தெரியும், 2020இல் இறந்தபோது எல்லோரும் அந்த ஒரே பாட்டைப் போட்டு அஞ்சலி செலுத்தினோம். சினிமா முத்திரை குத்தாத நாட்டுப்புறப் பாடகர்கள் இன்று உயிரோடு இருக்கிறவர்களில் ஐந்து பேர் பெயர் சொல்லுங்கள் பார்ப்போம். கலை தானாக அழியவில்லை சார், நாம் வராததால் அவர்கள் பெயிண்ட் அடிக்கவும் ஆட்டோ ஓட்டவும் போகிறார்கள்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நடத்துகிறவர்கள் மேலும் தப்பு இருக்கிறது. ஆறு மணி என்று போட்டு ஏழரைக்கு ஆரம்பிப்பது, பாடுகிறவர் குரலே கேட்காத அளவுக்கு ஸ்பீக்கரை அலறவிடுவது, பாட்டுக்கு நடுவில் பொன்னாடை போர்த்துவது... பொன்னாடைக்காரர்களை மட்டும் தனியாக ஒரு பதிவில் கவனித்துக்கொள்கிறேன்.

அந்த மூத்தவரை மறுபடி பார்த்தது ஏப்ரல் 14 அன்று. நாலு தடவை போன் பண்ணினாரே, அந்தப் பழக்கத்தில் அவரே கூப்பிட்டார். வியாசர்பாடிப் பக்கம் ஒரு தெருவில் அம்பேத்கர் பிறந்தநாள் விழா. குற்ற உணர்ச்சியில்தான் போனேன் என்று ஒப்புக்கொள்கிறேன். தெருவின் நடுவிலேயே நெருப்பு, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. நாலு பெஞ்சை இழுத்துப்போட்டு மேடை. ஒன்றரை மணி நேரம் அடித்தார்கள். அந்தப் 'புது அடி' எது என்று எனக்கே தெரிந்துவிட்டது. வேகம் ஏறி ஏறி, சட்டென்று எட்டுப் பேரும் நிறுத்தி, ஒரே ஒரு பொடியன் மட்டும் சிண்டுக்குச்சியில் மெல்லத் தட்டிக்கொண்டே இருப்பான். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. திரும்ப எட்டும் சேர்ந்து விழுந்தபோது என் பக்கத்தில் நின்ற பாட்டி விசில் அடித்தார், சத்தியமாக! இதைத்தான் எங்கள் மூவாயிரம் பேர் கல்லூரி அன்றைக்குக் கேட்காமல் விட்டது. கேட்டுக்கு வெளியே நின்று நான் கூப்பன் கிழித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கல்ச்சுரல்ஸ் கமிட்டி அடுத்த வாரம் கூடுகிறது. ஏழு மணி ஸ்லாட்டை, அதாவது டிஜேயின் ஸ்லாட்டை, முக்கால் மணி நேரம் பறைக்குக் கேட்கப் போகிறேன். டிஜேக்குப் பேசுகிற அதே வாயால் அதே தொகை, மேடை இறங்கியதும் ஜிபேயில் பணம். "கிரவுட் கலைஞ்சிடும்" என்பார்கள், தெரியும். கலைந்தால் கலையட்டும். வாசலில் நிற்க மட்டும்தான் வேண்டும் என்றால் அவர்களைக் கூப்பிடவே வேண்டாம், ஸ்பீக்கரில் நாதஸ்வரம் போட்டுக்கொள்ளுங்கள். தீர்மானம் தோற்றால் கமிட்டியில் நான் இல்லை. கையெழுத்துப் போட ஆள் தேவை, இப்போதைக்கு மூன்று பேர் இருக்கிறோம்.

அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை அதே குழு அதே தெருவில் பயிற்சி. சாயங்காலம் ஐந்து மணிக்கு நெருப்பு மூட்டுவார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அண்ணா சொல்லிவிட்டார். பெசன்ட் நகர், அடையாறு ஆட்கள் 29சி பிடித்துப் பெரம்பூரில் இறங்கினால் நான் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். உண்டியல் என்று எதுவும் வைக்க மாட்டார்கள், ஆகவே கையில் கொஞ்சம் காசு எடுத்து வந்து நேரடியாகக் கொடுங்கள். பாஸ் கேட்கிறவர்கள் வீட்டிலேயே இருக்கவும்.