ஒற்றைக் கண்ணில் தெரியும் தூரம்

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா காபி டம்ளரை நீட்டினார். அப்பா கை நீட்டியது டம்ளருக்கு நாலு விரற்கடை முன்னால். மூன்று பேருமே அதைக் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டோம்.

கண் அழுத்த நோயில் அப்பாவுக்கு இடது கண் பார்வை போய் ஆறு மாதம் ஆகிறது. போடியில் முப்பது வருடமாக போர்டு எழுதியவர். ஏலக்காய்க் கடைகளுக்குப் பெயர்ப்பலகை, திருவிழா நாடகங்களுக்கு சீன் படுதா என எல்லாம் வரைவார். ஃப்ளெக்ஸ் வந்த பிறகும் படுதாவுக்கு மட்டும் அவரைத் தேடி வருவார்கள். "இனிமே எனக்குத் தூரம் தெரியாது தாயி. சீனெல்லாம் தட்டையாத்தான் வரும்" என்று, வந்த ஆர்டரையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

நிஜமாகவே அப்படியா? தேடிப் படித்தேன்.

நம் இரண்டு கண்களுக்கும் நடுவே சுமார் 6 செ.மீ. இடைவெளி. இரண்டும் கொஞ்சம் வேறு வேறு கோணத்தில் பார்க்கின்றன. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் டம்ளர் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று மூளை கணக்குப் போடுகிறது. பொருள் தள்ளிப் போகப் போக வித்தியாசம் குறையும். குரங்கணிப் பக்கத்து மலையைப் பார்க்கும்போது இரண்டு கண்ணுக்கும் கிட்டத்தட்ட ஒரே காட்சிதான். அங்கே மூளை வேறு அடையாளங்களைப் பிடித்துக்கொள்கிறது. ஓவியர்கள் தட்டையான துணியில் தூரத்தைக் காட்டுவதும் அதே அடையாளங்களை வைத்துத்தான்.

சாயங்காலம் அப்பாவை ரயில்வே ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன். பல வருட இடைவெளிக்குப் பிறகு 2023 ஜூனில் மறுபடி ரயில் வந்த தடம் அது. தண்டவாளங்களுக்கு நடுவே எங்கேயும் 1,676 மி.மீ. இடைவெளிதான். ஆனால், தேனிப் பக்கம் பார்த்தால் இரண்டும் ஒரு புள்ளியில் சேர்கிற மாதிரி இருக்கும். நாடகத்தின் 'தெரு சீன்' இந்த வித்தையில்தான் நிற்கிறது. வீட்டுக் கூரை, திண்ணை, விளக்குக் கம்பம் எல்லாக் கோடும் ஒரே புள்ளிக்கு ஓடும். பார்சி நாடகக் கம்பெனிகள் வழியாகத் தமிழ் மேடைக்கு வந்த படுதா அது.

அப்படியே மேற்கே திரும்பினோம். முன்னால் இருக்கிற மலை பின்னால் இருப்பதை மறைக்கிறது. முதல் மலை பச்சை, அடுத்தது சாம்பல் கலந்த பச்சை, கடைசி மலை நீலம். நடுவில் இருக்கும் காற்று நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால் வருகிற நிறம் அது. தூரத்து மலையை நீலமாக்கு என்று 500 வருடங்களுக்கு முன்பே லியோனார்டோ டாவின்சி எழுதி வைத்திருக்கிறார்.

"இதெல்லாம் தெரியுதாப்பா?"

"தெரியுது."

"இதுல எதுக்காவது ரெண்டு கண்ணு வேணுமா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கட்டை விரலை நீட்டி மலையை அளந்தார். "அளவெடுக்கிறப்போ எப்பவுமே இடது கண்ண மூடிட்டுத்தான தாயி பாப்பேன்" என்றார்.

நீங்களும் வீட்டில் இருக்கிற ஒரு இயற்கைக் காட்சிப் படத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். 'இது வெறும் தாள்' என்று சொல்லிக்கொடுக்க இன்னொரு கண் இல்லாததால், படத்தின் ஆழம் கூடித் தெரியும்.

அப்பா இப்போது ஒரு காடு சீன் வரைகிறார். ஏணியில் ஏற அம்மா விடுவதில்லை. படுதாவைத் தரையில் விரித்துத்தான் வேலை. காபி டம்ளரை அம்மா இப்போது நீட்டுவதில்லை. அப்பாவின் கையைப் பிடித்து, அதில் வைத்துவிடுகிறார்.